நூறு நானோமீட்டர் தடுப்பு

புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "கட்டி எவ்வளவு பெரிசு?" என்பதுதான். "ரெண்டு சென்டிமீட்டர்தானாம்" என்று யாராவது சொன்னால் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வருகிறது. ஆனால் இதே இரண்டு சென்டிமீட்டர் நுரையீரல் கட்டியோடு அறுவை அரங்குக்குப் போன இருவரில் ஒருவர் பத்து வருடம் கழித்தும் பேரன் பேத்திகளோடு நன்றாக இருக்கிறார். இன்னொருவருக்கு இரண்டாம் வருடமே மூளையில் நோய் தலைகாட்டியிருக்கிறது. அளவு ஒன்று, உறுப்பு ஒன்று, செய்த அறுவையும் ஒன்று. அப்படியானால் எதில் வேறுபட்டன இரண்டும்?

இந்தக் கேள்வியை முறைப்படி ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய நோய்க்குறியியல் மருத்துவர் மசாயுகி நோகுச்சி. டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் அறுவை செய்து எடுத்த 236 கட்டிகளை அவர் குழு பரிசோதித்தது. எல்லாமே 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் சிறியவை. எல்லாமே அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிப் புற்று. நுரையீரல் புற்றுகளில் இன்று அதிகம் காணப்படுவதும், புகையே பிடிக்காதவர்களுக்குப் பெரும்பாலும் வருவதும் இதுதான். அளவை ஒதுக்கிவிட்டு, உருப்பெருக்கியில் தெரியும் வளர்ச்சி முறையை மட்டும் வைத்து அவற்றை ஆறு வகையாகப் பிரித்தார்கள். 1995இல் முடிவு வெளியானது. முதல் இரண்டு வகைக்காரர்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். மூன்றாம் வகையில் நூற்றுக்கு 75 பேர். நான்காம் வகையில் ஏறத்தாழ பாதிப்பேர்.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த இடைவெளியைப் பற்றியது.

காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே

மூச்சுக்குழாய் இருபதுக்கும் மேற்பட்ட முறை கிளைபிரிந்து முடியும் இடத்தில் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒன்றின் குறுக்களவு 0.2 மில்லிமீட்டர். மத்தியாஸ் ஓக்ஸ் குழுவினர் 2004இல் ஆறு பேரின் நுரையீரல்களில் இவற்றைக் கணக்கிட்டபோது, சராசரியாக 48 கோடி வந்தது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம்: குறைந்தது 27 கோடி, அதிகபட்சம் 79 கோடி. ஒரு கன மில்லிமீட்டர் இடத்தில் சுமார் 170 நுண்ணறைகள். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நுண்ணறையின் உட்சுவரில் இரண்டு வகைச் செல்கள். முதலாவது தட்டைச் செல். மிக மெல்லியதாக விரிந்து பரப்பின் 95 விழுக்காட்டை மூடிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவது இதன் வழியாகத்தான். இவ்வளவு மெல்லியதாக இருப்பதற்கு அது கொடுக்கும் விலை, பிளந்து பெருக முடியாமல் போவது. இரண்டாவது, மூலைகளில் உட்கார்ந்திருக்கும் கனசதுரச் செல். நுண்ணறை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்புத் திரவத்தைச் சுரப்பது இதன் அன்றாட வேலை. பக்கத்தில் தட்டைச் செல் ஒன்று செத்தால், இது பிளந்து பெருகி அந்த இடத்தை நிரப்பும். நுண்ணறைச் சுவரில் பெருகும் உரிமை பெற்ற செல் இது. சுரப்பிப் புற்று பெரும்பாலும் இதிலிருந்தோ, சிறு மூச்சுக்குழல்களில் உள்ள இதன் உறவுச் செல்களிலிருந்தோ கிளம்புவதில் ஆச்சரியமில்லை.

இரண்டு வகைச் செல்களுக்கும் கீழே ஒரு சவ்வு. லாமினின், நான்காம் வகைக் கொல்லாஜன் என்ற இரு புரதங்கள் பின்னிய வலை. செல்கள் வேர் பிடித்து நிற்கும் தளம் என்பதால் இதை அடித்தளச் சவ்வு என்பார்கள். கனம் சுமார் 100 நானோமீட்டர். நீங்கள் புரட்டிக்கொண்டிருக்கும் இந்தத் தாளின் கனம் வர வேண்டுமானால் இப்படி ஆயிரம் சவ்வுகளை அடுக்க வேண்டும்.

சவ்வுக்கு மேற்பக்கம் காற்று. கீழ்ப்பக்கம் ரத்த நுண்குழாய்கள், மூச்சுக்கு மூச்சு நீண்டு சுருங்கும் எலாஸ்டின் என்ற மீள்நார்கள், அங்கங்கே ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார்செல்கள். கொஞ்சம் தள்ளி நிணநீர்க் குழாய்கள். மூளைக்கும் எலும்புக்கும் கல்லீரலுக்கும் போகும் பாதை கீழ்ப்பக்கம்தான் தொடங்குகிறது. மேற்பக்கத்தில் இருக்கும்வரை ஒரு செல் எவ்வளவு பெருகினாலும் அதற்கு அந்தப் பாதை கிடையாது.

22 மில்லிமீட்டர் நிழல்

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு மேலே போகலாம். 58 வயதுப் பெண், வாழ்நாளில் புகைபிடித்ததில்லை. வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல் மடலில் 22 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு மங்கலான சாம்பல் நிழல். அதன் ஊடாகப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய்கள் தெரிகின்றன. நிழலின் நடுவில் மட்டும் 7 மில்லிமீட்டருக்கு அடர்ந்த வெள்ளைப் புள்ளி. அவருக்கு இருமல் இல்லை, வலி இல்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் இல்லை. அறிக்கையைப் பார்த்துவிட்டு அவரும் வீட்டாரும் நம்ப மறுக்கிறார்கள்.

சாம்பல் நிழலுக்குள் நடப்பது இது. மாறிப்போன கனசதுரச் செல்கள் பக்கத்துத் தட்டைச் செல்களை இடம்பெயர்த்துக்கொண்டு, நுண்ணறைச் சுவரின் மேலேயே வரிசையாகப் படர்கின்றன. ஒரு நுண்ணறையின் சுவரை மூடியதும் அடுத்ததற்கு. அடித்தளச் சவ்வைத் தொடுவதில்லை, மீள்நார்களைக் குலைப்பதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையும் வெளியேற்றுவதில்லை. இதைப் படர் வளர்ச்சி என்று சொல்வோம். காற்றும் செல்லும் கலந்திருப்பதால் சி.டி. அதை வெள்ளையாகக் காட்டாமல் சாம்பலாகக் காட்டுகிறது. சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. "போன வருஷ எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சே" என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் விடை.

மூச்சு ஏன் வாங்கவில்லை? 22 மில்லிமீட்டர் உருண்டையின் கன அளவு ஏறத்தாழ 5,600 கன மில்லிமீட்டர். அதை 170ஆல் பெருக்கினால் ஒன்பதரை லட்சம் நுண்ணறைகள். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் 48 கோடியில் இது ஐந்நூறில் ஒரு பங்கு. உடம்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வலியும் தெரியாது. நுரையீரல் திசுவுக்குள் வலி உணரும் அமைப்பு கிட்டத்தட்ட இல்லை; மார்புக்கூட்டின் உட்புறத்தை மூடிய உறையைத் தொட்டால்தான் வலிக்கும்.

இந்த நிழல் எவ்வளவு காலமாக இருந்திருக்கும்? ஜப்பானில் நாகானோ பகுதியில் சி.டி. கொண்டு பொதுமக்களைப் பரிசோதித்தபோது கண்ட புற்றுகளை வைத்து ஒரு கணக்கு 2000இல் வெளியானது. முழுக்கச் சாம்பலாகத் தெரியும் கட்டி, கன அளவில் இரட்டிப்பாகச் சராசரியாக 813 நாள் எடுத்துக்கொண்டது. நடுவில் வெள்ளை உள்ளது 457 நாள். முழுக்க வெள்ளையானது 149 நாள். முதலாவதற்கு இரண்டே கால் வருடம், கடைசிக்கு ஐந்து மாதம். ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். கன அளவு இரட்டிப்பானால் குறுக்களவு கால் பங்குக்குச் சற்றே கூடுதலாகத்தான் வளரும். 8 மில்லிமீட்டர் 10 ஆவது, கண்ணுக்கு "ரெண்டு மில்லிமீட்டர்தான்". உண்மையில் கட்டி இரண்டு மடங்காகிவிட்டது.

விளையாட்டாக இந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஒரு செல்லின் அகலம் 10 மைக்ரான் என்று வைத்தால், அது 22 மில்லிமீட்டர் ஆக 33 இரட்டிப்புகள் வேண்டும். 813 நாள் வீதம் 73 ஆண்டுகள்! பெண்ணுக்கு வயதோ 58. ஆகவே அனுமானத்தில் பிழை இருக்கிறது. ஒன்று, வளர்ச்சி எப்போதும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. ஆரம்பத்தில் விரைவாகவும் பிறகு தணிந்தும் போயிருக்கும். இரண்டாவது இன்னும் முக்கியம்: இந்தக் கட்டி கெட்டியான உருண்டையே இல்லை. அதற்குள் பெரும்பகுதி காற்று. செல்கள் சுவர்களில் மட்டும் இருக்கின்றன. உருண்டை என்று நினைத்துப் போட்ட கணக்கு இங்கே பொருந்தாது.

எப்படிப் போட்டாலும் பல ஆண்டு வரலாறு என்பதில் சந்தேகமில்லை. தொடக்கப் புள்ளி அதற்கும் முன்னால். லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிலையத்தில் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழுவினர், புற்றில்லாத சாதாரண நுரையீரல் திசுக்களில் தேடியபோது, 18 விழுக்காட்டில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவிலும் 53 விழுக்காட்டில் கேராஸ் மரபணுவிலும் புற்றைத் தூண்டக்கூடிய பிழைகள் இருந்தன. 2023இல் வெளியான அந்த ஆய்வின்படி, காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 துகள்கள் புதுப் பிழைகளை உண்டாக்குவதைவிட, திசுவில் அழற்சியைக் கிளப்பி, ஏற்கெனவே பிழையோடு தூங்கிக்கொண்டிருக்கும் செல்லைப் பெருகத் தூண்டுகின்றன. புகைபிடிக்காத பெண்ணுக்கு ஏன் வந்தது என்பதற்கு இது முழு விடையாகாது. ஆனால் விடையின் ஒரு பகுதி.

தழும்பு முதலா, புற்று முதலா?

சாம்பல் நிழல் புரிந்தது. நடுவில் இருக்கும் 7 மில்லிமீட்டர் வெள்ளை என்ன?

அறுத்துப் பார்த்தால் அங்கே ஒரு தழும்பு இருக்கும். கெட்டியான, வெளிறிய, சுற்றியுள்ள திசுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் நார்த்திசு. நுரையீரல் புற்றின் நடுவில் தழும்பு இருப்பதை ஜெர்மன் மருத்துவர்கள் 1930களிலேயே கவனித்தார்கள். பழைய காசநோயோ வேறு காயமோ விட்டுப்போன தழும்பிலிருந்து புற்று முளைக்கிறது என்று முடிவுகட்டி, "தழும்புப் புற்று" என்று பெயரும் வைத்தார்கள். நம்பும்படியான கதை. நாற்பது ஆண்டுகள் பாடப்புத்தகத்தில் இருந்தது.

1980இல் யுகியோ ஷிமோசாடோவும் சகாக்களும் இதைத் தலைகீழாக்கினார்கள். சிறு கட்டிகளில் இந்தத் தழும்பு புற்று வந்தபின் அதற்குள் உருவானது. தழும்பு முற்றியிருந்தால் நோயாளியின் கதி மோசம் என்றார்கள். அதே பத்தாண்டில் கொல்லாஜன் ஆய்வுகள் கைகொடுத்தன. ஆறி நாளான தழும்பில் முதலாம் வகைக் கொல்லாஜன் மேலோங்கியிருக்கும். புதுக் காயத்தில் மூன்றாம் வகை நிறைய இருக்கும். புற்றுக்குள் இருந்த தழும்புகளில் மூன்றாம் வகை ஏராளமாக இருந்தது. அவை பழைய காயத்தின் மிச்சமல்ல, நடந்துகொண்டிருக்கும் காயம். பின்னாளில் சி.டி. வந்து ஒரே கட்டியை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க முடிந்தபோது கண்ணெதிரே உறுதியானது: முதலில் சாம்பல், பிறகே நடுவில் வெள்ளை.

காசநோய் வந்து போனவர்களுக்கு நுரையீரல் புற்று அபாயம் ஓரளவு கூடுதல் என்பது வேறு கணக்கு, அது உண்மைதான். நீண்டநாள் அழற்சி அதற்குக் காரணமாக இருக்கலாம். சிறு கட்டியின் நடுவில் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

தழும்பு எப்படி உருவாகிறது? படர்ந்துகொண்டிருக்கும் புற்றுச் செல்கள், வழவழப்புத் திரவம் சுரக்கும் தங்கள் பழைய வேலையைச் சரியாகச் செய்வதில்லை. நுண்ணறைகள் சுருங்கி மடிகின்றன. மடிந்த சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய, மீள்நார்கள் நெருங்கிக் குவிகின்றன. நோகுச்சியின் இரண்டாம் வகை இதுதான், இன்னும் ஆபத்தில்லை. அதற்குப் பிறகு நார்செல்கள் வருகின்றன. காயம்பட்ட இடத்தில் நார்செல்கள் தசைபோல் சுருங்கும் திறன் பெற்றுக் காயத்தின் விளிம்புகளை இழுத்து மூடுவதை ஜெனீவாவில் ஜூலியோ கபியானி குழுவினர் 1971இல் காட்டியிருந்தார்கள். அதே உருமாற்றம் இங்கேயும் நடக்கிறது. கைக்காயம் என்றால் பத்துப் பதினைந்து நாளில் வேலை முடிந்து அவை கலைந்துபோகும். இங்கே கலைவதில்லை. ஆறாமலே இருக்கும் காயமாகப் புற்றுக்கட்டியைப் பார்க்க வேண்டும் என்று ஹெரால்ட் டுவோராக் 1986இல் எழுதினார். நுரையீரலைப் பொறுத்தவரை அது உவமை இல்லை. உருப்பெருக்கியில் அப்படியே தெரிகிறது.

நோகுச்சியின் மூன்றாம் வகையை இரண்டாம் வகையிலிருந்து பிரித்தது, பெருகிச் செயல்படும் இந்த நார்செல்கள்தான்.

சவ்வு எப்படி உடைகிறது

1962இல் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாப்பியர் இருவரும், தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது என்று ஆராய்ந்தார்கள். வாலில் கொல்லாஜனை அறுக்கும் ஒரு நொதி இருந்தது. அந்தக் குடும்பத்தில் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நொதிகள் மனித உடலில் தெரியும். புற்றுக்கட்டிகளின் விளிம்பில் இவை நிறைய இருப்பதைப் பார்த்ததும் கதை தானே எழுதிக்கொண்டது: புற்றுச் செல் நொதியைச் சுரக்கிறது, அடித்தளச் சவ்வைக் கரைக்கிறது, வெளியே போகிறது. நொதியை அடைத்தால் புற்றைக் கூண்டில் அடைத்துவிடலாம்.

1990களில் மாரிமாஸ்டாட், பிரினோமாஸ்டாட் போன்ற மருந்துகள் இந்த நம்பிக்கையில் தயாராகின. நுரையீரல் புற்றிலும் பெரிய சோதனைகள் நடந்தன. ஒன்றுகூட நோயாளிகளின் ஆயுளை நீட்டவில்லை. மூட்டுவலியும் தசைவலியும்தான் மிச்சம். தோல்விக்கான காரணங்கள் நோயின் இயல்பையே சொல்வதால் அவற்றைப் பார்ப்பது நல்லது.

சோதனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. சவ்வைத் தாண்டி வருடங்கள் ஆனபின் சவ்வைக் காப்பதில் பயனில்லை. அடுத்தது, நொதிகளில் பெரும்பங்கைச் சுரந்தது புற்றுச் செல் அல்ல. பக்கத்தில் இருந்த நார்செல்களும் வெள்ளணுக்களும். அதிலும் எல்லா நொதியும் கெடுதல் செய்பவை அல்ல, சில புற்றைத் தடுப்பவை. மூன்றாவது காரணம் பீட்டர் ஃப்ரீடலின் ஆய்வகத்தில் கிடைத்தது. நார்வலைக்குள் போகும் புற்றுச் செல்களுக்கு நொதிகளை எல்லாம் அடைத்துப் பார்த்தபோது, அவை அறுப்பதை நிறுத்திவிட்டு உடலை நெளித்து இடுக்குகளில் நுழைந்தன. செல்லின் மேனி எப்படியும் வளையும். வளையாதது உட்கரு. இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்குக் குறுக்குப்பரப்புவரை அதை நசுக்கி நுழைக்க முடிந்தது. இடுக்கு அதைவிடச் சிறிதானால் செல் அங்கேயே நின்றுவிட்டது.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது லண்டனில் எரிக் சஹாய் குழு 2007இல் வெளியிட்ட சோதனை. செதிள்செல் புற்று என்ற வேறு வகைச் செல்களை நார்த்திசுக் கூழின் மேல் வளர்த்தார்கள். தனியாக விட்டால் அவை மேலேயே படர்ந்து கிடந்தன. நார்செல்களைச் சேர்த்ததும் உள்ளே இறங்கின. எப்படி என்று படம்பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் போனது ஒரு நார்செல். அது கொல்லாஜனை இழுத்து, அறுத்து, ஒரு சுரங்கப்பாதை போட்டுக்கொண்டு போக, புற்றுச் செல்கள் ஒன்றையொன்று விடாமல் பின்னால் போயின. பாதை ஒருமுறை விழுந்துவிட்டால் நார்செல் இல்லாமலும் புற்றுச் செல் அதில் நுழைந்துகொண்டது.

புற்றுச் செல் பக்கத்துச் செல்லோடு உள்ள பிடியை விட்டுவிட்டுத் தனியாளாக ஊர்ந்து போகும் என்று பல நூல்கள் படம்போட்டுக் காட்டுகின்றன. அப்படியும் நடக்கிறது. ஆனால் உருப்பெருக்கியில் நுரையீரல் சுரப்பிப் புற்றைப் பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவது கூட்டமாக நகரும் செல்கள்: கோணல்மாணலான சிறு சுரப்பிகள், கயிறு கயிறாக வரிசைகள், சுற்றிலும் நார்செல்கள். தனியாள் கதைக்கு அளவுக்கு மீறிய செல்வாக்கு கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

நார்த்திசு கெட்டிப்படுவதற்கும் சவ்வு உடைவதற்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. நுரையீரலின் நார்களுக்கிடையே டி.ஜி.எஃப். பீட்டா என்ற புரதம் பூட்டிய நிலையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. நார்களை இழுத்தால் பூட்டு திறந்துகொள்ளும். வெளிவந்த புரதம் நார்செல்லை இன்னும் கொல்லாஜன் நெய்யச் சொல்லும், புற்றுச் செல்லின் பிடியைத் தளர்த்தும். திசு கெட்டியாக, இழுவை கூடுகிறது. இழுவை கூட, மேலும் புரதம் வெளிவருகிறது. சுற்று முடிவதே இல்லை. காயத்தை மூடுவதற்காக உடல் வைத்திருக்கும் ஏற்பாடு, 100 நானோமீட்டர்ச் சவ்வின் கீழ்ப்பக்கத்திலிருந்து கதவைத் திறந்துவிடுகிறது.

கண்ணாடித் தகட்டில் அளப்பது

நம் நோயாளிக்கு அறுவை முடிந்தது. எடுத்த திசு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, 4 மைக்ரான் கனத்தில் சீவப்படுகிறது. மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து வரும் ஹெமட்டாக்சிலின் சாயம் உட்கருக்களை ஊதாவாக்கும். இயோசின் மற்றவற்றை இளஞ்சிவப்பாக்கும். 22 மில்லிமீட்டர்க் கட்டியை முழுவதும் பார்க்க 5,500 சீவல்கள் வேண்டும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. சில மில்லிமீட்டருக்கு ஒன்று என்று எடுத்துப் பார்க்கிறார்கள். அறிக்கை என்பது எப்போதுமே ஒரு மாதிரி எடுப்புதான் என்பதை மறக்கக்கூடாது.

விளிம்பில் படர் வளர்ச்சி தெளிவாகத் தெரிகிறது. நடுவில்தான் சிக்கல். சுருங்கி மடிந்த நுண்ணறை, குறுக்கே வெட்டுப்படும்போது, நார்த்திசுவுக்குள் நுழைந்த சுரப்பி மாதிரியே தெரியும். முன்னது பாதகமில்லாதது, பின்னது ஊடுருவல். அப்போது மீள்நார்களைக் கறுப்பாக்கும் சாயம் கைகொடுக்கும்; 1908இல் ஃபிரடெரிக் வெர்ஹாஃப் கண்டுபிடித்தது, இன்றும் பழுதில்லை. கறுப்புக் கோடுகள் மடிந்தாலும் அறுபடாமல் ஓடினால் அது மடிந்த நுண்ணறை. கோடுகள் சிதைந்து, சுற்றிலும் புது நார்செல்கள் மொய்த்திருந்தால் ஊடுருவல். இவ்வளவு இருந்தும், ஒரே தகட்டைப் பார்த்து அனுபவம் மிக்க இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறு அளவு சொல்வது உண்டு.

இந்த அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2011இல் வந்த சர்வதேச வகைப்பாடு, 3 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டியில் ஊடுருவல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அதை "மிகக்குறைந்த ஊடுருவல்" என்று தனியாகப் பிரித்தது. முழுதாக வெட்டி எடுத்துவிட்டால் இவர்களில் கிட்டத்தட்ட யாருக்கும் நோய் திரும்புவதில்லை. 2017இல் வந்த நோய்நிலைப் பட்டியல் இன்னும் ஒரு படி போய், படர் வளர்ச்சி உள்ள கட்டிகளில் படர்ந்த பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் ஊடுருவிய பகுதியை மட்டும் அளக்கச் சொன்னது. நம் நோயாளியின் கட்டி 22 மில்லிமீட்டர்; நோய்நிலைக்கு எடுத்துக்கொள்வது 7. கன அளவில் இது முப்பதில் ஒரு பங்குதான்.

ரத்தக்குழாய் போடாத கட்டிகள்

கட்டி வளரப் புது ரத்தக்குழாய் வேண்டும், அதை அடைத்தால் கட்டி பட்டினியால் சாகும் என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் சொன்னது புற்றுநோய் ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது. நுரையீரல் இதற்கு ஒரு விதிவிலக்கு வைத்திருந்தது. ஃபிரான்செஸ்கோ பெட்செல்லாவும் சகாக்களும் 1997இல் 500 ஆரம்பநிலைக் கட்டிகளைப் பார்த்தபோது, ஏறத்தாழ ஆறில் ஒன்றில் புதுக் குழாய்க்கான அறிகுறியே இல்லை. செல்கள் நுண்ணறைக்குள் நிரம்பியிருந்தன. சுவரில் ஏற்கெனவே ஓடிய நுண்குழாய்கள் அப்படியே இருந்தன. உடலிலேயே மிக அடர்த்தியான நுண்குழாய் வலை இருக்கும் இடத்தில் குடியிருக்கும் செல்லுக்குப் புதிதாக எதற்குக் குழாய்? ரத்தக்குழாய் அடைக்கும் மருந்து எல்லா நுரையீரல் புற்றிலும் எதிர்பார்த்த பலனைத் தராததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

காற்றில் மிதக்கும் செல்கள்

இதுவரை சவ்வுக்குக் கீழே இறங்குவதைப் பார்த்தோம். நுரையீரலில் மேற்பக்கமாகவும் ஒரு வழி இருக்கிறது. வேறு உறுப்புகளுக்கு இது வாய்ப்பதில்லை, ஏனென்றால் அவற்றுக்குள் காற்றறைகள் இல்லை.

கட்டியின் விளிம்பு முடிந்துவிட்டது. அதற்கு வெளியே சுவர்கள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் அங்குள்ள நுண்ணறைகளின் நடுவில், எதையும் பிடிக்காமல், ஐந்தாறு புற்றுச் செல்கள் கொத்தாகக் கிடக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வகைப்பாடு இதைக் காற்றறை வழிப் பரவல் என்ற பெயரில் ஊடுருவலின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. சாதாரணச் செல் ஒன்றை அடித்தளச் சவ்விலிருந்து பெயர்த்தால், பிடிப்பு போனதே அதற்குச் சாகும் கட்டளை. இந்தச் செல்கள் அந்தக் கட்டளையை மீறியவை. நுண்காம்புகூட இல்லாமல் கொத்துக்கொத்தாக வளரும் ஒரு வகைச் சுரப்பிப் புற்றில் இது அதிகம். தள்ளியுள்ள சுவரில் மீண்டும் ஒட்டிக்கொண்டால், அங்கே நுண்குழாய் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

எதிர்க்கட்சியும் உண்டு. திசுவை வெட்டும் கத்தியே செல்களை இழுத்துக்கொண்டுபோய் அங்கே போட்டிருக்கலாம் என்கிறார்கள் சிலர். சில தகடுகளில் அது உண்மைதான். ஆனால் கத்தி போட்ட கறை மட்டும்தான் என்றால், அதைக் கண்ட நோயாளிகளுக்கு நோய் அதிகமாகத் திரும்ப வேண்டிய அவசியமில்லை. திரும்புகிறது, அதுவும் நுரையீரலின் சிறு பகுதியை மட்டும் வெட்டியவர்களுக்கு.

அறுவை மருத்துவரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. முன்பெல்லாம் நுரையீரலின் ஒரு மடலையே எடுத்துவிடுவார்கள். மடலின் ஒரு துண்டை மட்டும் எடுத்தால் போதுமா என்று ஜப்பானில் 1,106 பேரிடம் சோதித்தார்கள். 2 சென்டிமீட்டருக்கு மிகாத, ஆனால் பெரும்பகுதி வெள்ளையாகத் தெரிந்த கட்டிகள். 2022இல் வந்த முடிவில், ஐந்து ஆண்டுகளில் உயிரோடிருந்தவர்கள் துண்டு எடுத்தவர்களில் 94.3 விழுக்காடு, மடல் எடுத்தவர்களில் 91.1. துண்டே மேல் என்று தோன்றும். ஆனால் அதே நுரையீரல் பகுதியில் நோய் திரும்பியது துண்டு எடுத்தவர்களில் 10.5 விழுக்காடு, மற்றவர்களில் 5.4. சாம்பல் மேலோங்கிய கட்டிகளுக்கு நடந்த வேறொரு ஜப்பானியச் சோதனையில், துண்டு மட்டும் எடுத்தவர்களில் 98 விழுக்காட்டினர் ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தார்கள். நம் நோயாளி இந்தக் கூட்டத்தில் சேர்வார். அவருக்குத் துண்டே போதும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

வெள்ளைக் கட்டிக்காரருக்கு அவ்வளவு தைரியம் வராது. மிதக்கும் செல்கள் அவருடைய நுண்ணறைகளில் இருக்கின்றனவா என்பதை சி.டி. காட்டாது. அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துச் சீவி அவசரமாகப் பார்க்கும் முறையிலும் இது அடிக்கடி தப்பிவிடுகிறது. மெழுகில் பதித்து முறையாகச் சீவிய தகடு கைக்கு வரும்போது, எங்கே வெட்டுவது என்று தீர்மானித்துப் பல நாள் ஆகியிருக்கும்.